காலையில் மட்டும் உறையும் கணினி: ஒரு நிகழ்வு ஆய்வு

புகார் இவ்வளவுதான்: காலையில் பவர் பட்டனை அழுத்தினால் விண்டோஸ் பாதியில் உறைந்து நிற்கிறது. பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி போட்டு, மூன்று நான்கு தடவை இப்படிப் போராடினால் ஒருவழியாக உள்ளே போகிறது. போனபின் இரவுவரை ஒரு சிக்கலும் இல்லை. மறுநாள் காலையில் அதே கதை.

கணினி ஆறு வருடப் பழையது. நான்கு கோர் பிராசசர், 4 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு, 1 டிபி கொள்ளளவில் 3.5 அங்குல ஹார்டு டிஸ்க், 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். (மின்சாரம் வழங்கும் பெட்டி), விண்டோஸ் 10. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. ஐந்து மாதத்தில் இரண்டு முறை விண்டோஸ் புதிதாக நிறுவப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் பத்து நாள் போல நன்றாக ஓடிவிட்டு, பழையபடி உறையத் தொடங்கியது. இந்தப் பத்து நாள் கணக்கை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பிழையின் அடையாளம் பாதி அதில்தான் இருந்தது என்பது கடைசியில் தெரிந்தது.

எங்கே நிற்கிறது?

"ஆன் ஆகும்போது ஹேங் ஆகிறது" என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பட்டனை அழுத்தியதிலிருந்து டெஸ்க்டாப் வரும்வரை கணினி பல கைகள் மாறுகிறது. முதலில் எஸ்.எம்.பி.எஸ். மின்னழுத்தங்கள் நிலைப்பட்டதும் மதர்போர்டுக்கு "பவர் குட்" என்ற சமிக்ஞையை அனுப்பும். பிறகு மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க நிரலான பயாஸ் ரேமையும் இணைக்கப்பட்ட கருவிகளையும் சரிபார்க்கும். தயாரிப்பாளர் லோகோ மட்டும் தெரியும் கட்டம் அது. வட்டமாகச் சுழலும் புள்ளிகள் வந்துவிட்டால் பயாஸின் வேலை முடிந்து விண்டோஸ் தன் டிரைவர்களை (கருவிகளை இயக்கும் சிறு நிரல்களை) ஏற்றத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதன்பின் உள்நுழைவுத் திரை. அதற்கும் பின் டெஸ்க்டாப், அதோடு தானாகத் தொடங்கும் நிரல்கள்.

லோகோவிலேயே நின்றால் விண்டோஸைக் குறை சொல்ல இடமே இல்லை, யு.எஸ்.பி.யில் செருகியவற்றை எல்லாம் பிடுங்கிவிட்டுப் பார்ப்பதுதான் முதல் வேலை. பழுதான ஒரு கார்டு ரீடரோ, வெளிவட்டோ (வெளியே இணைக்கும் ஹார்டு டிஸ்க்) போதும், பயாஸ் அதன் பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும்.

இங்கே பத்து காலைகளில் நடந்ததைக் குறித்து வைக்கச் சொன்னதில் ஏழு முறை சுழலும் புள்ளிகளில் நின்றது, மூன்று முறை டெஸ்க்டாப் வந்த ஒரு நிமிடத்துக்குள் நின்றது. லோகோவில் ஒருமுறைகூட நிற்கவில்லை. உறைந்த நேரத்தில் இரண்டு விஷயங்களைக் கவனிக்கச் சொல்லியிருந்தது.

ஒன்று, கேப்ஸ் லாக். அந்த விளக்கை எரியவைப்பது கீபோர்டு அல்ல, கணினி. பட்டனைத் தட்டினால் விளக்கு மாறுகிறது என்றால் உள்ளே இன்னும் உயிர் இருக்கிறது. திரையோ ஏதோ ஒரு நிரலோதான் சிக்கியிருக்கிறது. புள்ளிகளில் நின்ற ஏழு முறையும் விளக்கு மாறவில்லை. டெஸ்க்டாப்பில் நின்ற மூன்றில் இரண்டு முறை மாறியது. ஆக இங்கே இருப்பது ஒரு பிழை அல்ல, இரண்டாக இருக்கலாம் என்ற சந்தேகம் அப்போதே வந்தது.

இரண்டாவது, கேபினட் முகப்பில் ஹார்டு டிஸ்க் வேலை செய்வதைக் காட்டும் விளக்கு. அது மினுக்காமல், அணையாமல், ஒரே சீராக எரிந்தபடி நின்றது. டிஸ்க்குக்குக் கட்டளை போயிருக்கிறது, பதில் வரவில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைக்காது.

குளிர்ச்சியா, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பா?

காலையில் மட்டும் வரும் பிழைக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. இரவு முழுக்க அணைந்து கிடந்ததால் ஆறிப்போன பாகம் ஏதோ தகராறு செய்கிறது என்பது ஒன்று. மற்றது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸில் "ஷட் டவுன்" கொடுத்தால் அது முழுதாக அணைவதில்லை. விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலின் நிலையை டிஸ்க்கில் ஒரு உறக்கக் கோப்பாக எழுதிவிட்டுப் படுக்கிறது. அடுத்த முறை அந்தக் கோப்பைத்தான் எடுத்து விரிக்கிறது. கோப்பிலோ, அதில் உறைந்திருக்கும் டிரைவரிலோ கோளாறு இருந்தால் ஒவ்வொரு காலையும் அதே கோளாறோடு எழும். "ரீஸ்டார்ட்" மட்டுமே எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும். ஷட் டவுன் செய்து போட்டால் கெடுகிறது, ரீஸ்டார்ட் செய்தால் சரியாக இருக்கிறது என்று சொல்லும் பலருக்கு இதுதான் காரணம்.

இரண்டையும் பிரிக்க நான்கு விதமாகச் சோதித்தது. ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ஷட் டவுனைச் சொடுக்கினால் அந்த ஒரு முறைக்கு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இல்லாமல் முழுதாக அணையும். சோதனைக்குத் தேவையான கருவி இவ்வளவுதான்.

ரீஸ்டார்ட்: பத்து முறை, ஒருமுறைகூட உறையவில்லை. சாதாரண ஷட் டவுன் செய்து இரண்டு நிமிடத்தில் போட்டது: ஆறு முறையில் ஒன்று உறைந்தது. ஷிஃப்ட்டோடு முழுதாக அணைத்து இரண்டு நிமிடத்தில் போட்டது: ஆறும் சரி. ஷிஃப்ட்டோடு முழுதாக அணைத்து இரவு முழுக்க விட்டுக் காலையில் போட்டது: மூன்று காலைகள், மூன்றிலும் உறைந்தது.

கடைசி வரிதான் தீர்ப்பு. உறக்கக் கோப்பே இல்லாத தொடக்கத்திலும் ஆறிய கணினி உறைகிறது. எனவே முதற்பிழை வன்பொருளில். இந்த நேரத்தில் மூன்றாம் முறையாக விண்டோஸ் நிறுவியிருந்தால் இன்னொரு பத்து நாள் நிம்மதி கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

நகல் முதலில், சோதனை பிறகு

டிஸ்க் மேல் சந்தேகம் வந்த கணமே மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முக்கியக் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுக்க வேண்டும். விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கட்டளையான செக் டிஸ்க்கை "/ஆர்" விசையோடு ஓடவிடுவது இந்தக் கட்டத்தில் செய்யக்கூடாத வேலை. அது டிஸ்க் முழுவதையும் வாசித்துத் தேய்ப்பதோடு, படிக்க முடியாத இடங்களைச் சரிசெய்கிறேன் என்று கோப்பு அமைப்பையும் மாற்றி எழுதும். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அதுவே கடைசி அடி ஆகிவிடும்.

நாள் நடுவே, கணினி சூடாகி ஒழுங்காக இருந்த நேரத்தில், கோப்புகள் வெளிவட்டுக்குப் போயின. அதன்பின் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ நிரலில் ஸ்மார்ட் மதிப்புகள், அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கு. அந்த நிரல் மூல மதிப்புகளைப் பதினாறடிமானத்தில் காட்டும் என்பது தெரியாமல் ஏமாறுகிறவர்கள் நிறைய. 18 என்று தெரிந்தால் அது 24.

05, அதாவது மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு துண்டுகள்): 0. சி5, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர்கள்: 24. சி7, தரவுக் கேபிளில் நேர்ந்த பரிமாற்றப் பிழைகள்: 1812.

இந்த மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உள்ளே சுழலும் தட்டின் மேற்பரப்பு தேய்ந்து சாகும் டிஸ்க்கில் 05 ஏறத் தொடங்கியிருக்கும். இங்கே அது பூஜ்யம். சி5 மட்டும் 24. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் தடுமாறினால் அரைகுறையாக எழுதப்பட்ட செக்டர் அடுத்த முறை படிக்க வராது, சி5-இல் சேரும். அதே இடத்தில் புதிதாக எழுதிவிட்டால் ஒழுங்காகிவிடும், 05 ஏறாது. சி7 என்பதோ டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே வழியில் கெட்டுப்போன தரவின் எண்ணிக்கை. அது ஏறுமே தவிர ஒருபோதும் இறங்காது. ஆகவே 1812 என்பது பெரிதல்ல, நாளைக்கு அது எவ்வளவு என்பதுதான் கேள்வி.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் உறைந்த காலைகளில் எல்லாம் 129, 153 என்ற எண்கள் இருந்தன. 129 என்றால் டிஸ்க் பதில் சொல்லாததால் இணைப்பை மீட்டமைத்தது. 153 என்றால் ஒரு வாசிப்போ எழுத்தோ மறுபடி முயலப்பட்டது. கூடவே சிவப்பில் 41. இந்த 41-ஐப் பார்த்துவிட்டு எஸ்.எம்.பி.எஸ். வாங்க ஓடுகிறவர்கள் உண்டு. கணினி முறையாக அணைக்கப்படாமல் நின்றுபோனது என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை. பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலே வரும்.

கழித்துக் கழித்து

மதர்போர்டின் காசு பேட்டரி 2.91 வோல்ட், 3 வோல்ட் பேட்டரிக்கு அது போதும். நேரமும் தவறவில்லை. விலக்கு.

ரேம். மெம்டெஸ்ட்86+ நான்கு சுற்று ஓடியது, பிழை இல்லை. ஆனால் இந்தச் சோதனையை எல்லோரும் நாள் நடுவே, சூடான கணினியில் ஓட்டுவார்கள். காலையில் மட்டும் வரும் பிழைக்கு அது செல்லாது. இரவு அணைத்து, காலையில் முதல் வேலையாக யு.எஸ்.பி.யிலிருந்து மெம்டெஸ்ட்டைத் தொடங்கி ஒரு சுற்று முழுக்க ஓட்டியது. இரண்டு காலைகள், பிழை இல்லை. ரேமும் விலக்கு.

அடுத்து, ஹார்டு டிஸ்க்கின் இரண்டு கேபிள்களையும் கழற்றிவிட்டு லினக்ஸ் யு.எஸ்.பி.யில் ஆறிய தொடக்கம். மூன்று காலைகளும் சுத்தமாக ஓடியது. நான்காம் காலை டிஸ்க்கை மட்டும் இணைத்து, லினக்ஸ் யு.எஸ்.பி.யிலேயே தொடங்கியது. விண்டோஸ் இதில் இல்லவே இல்லை. கெர்னல் பதிவில் டிஸ்க் இணைப்பு வரிசையாக மீட்டமைக்கப்பட்டது தெரிந்தது. நொடிக்கு 6 ஜிகாபிட்டில் தொடங்கிய வேகம் 3-க்கு இறங்கி, பிறகு 1.5-க்கு இறங்கியது. ஏறத்தாழ பத்து நிமிடத்துக்குப் பிறகு மீட்டமைப்புகள் நின்றன.

சி7 ஏறுகிறது என்றால் தரவுக் கேபிளை மாற்று என்று எங்கும் சொல்வார்கள். மாற்றியது. மதர்போர்டில் வேறு துளையிலும் செருகியது. மறுநாள் காலை சி7 1827. கேபிள் குற்றவாளி இல்லை. பொதுவாக இந்த இடத்தில்தான் "டிஸ்க் போய்விட்டது, மாற்றிவிடுங்கள்" என்ற முடிவுக்கு வருவார்கள். மாற்றினால் என்ன ஆகியிருக்கும்? புதிய டிஸ்க் அதே மின் இணைப்பில் அமர்ந்து, சில வாரங்களில் அதே புகாரோடு திரும்பியிருக்கும்.

மீட்டரை எங்கே வைப்பது

டிஸ்க்குக்கு மின்சாரம் வந்த வழி நேரானது அல்ல. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் சாட்டா (இன்றைய டிஸ்க்குகளின் இணைப்பு வகை) முனை ஒன்று சும்மா இருந்தது. ஆனால் டிஸ்க் கேபினட்டின் அடித்தட்டில் இருந்ததால் வயர் எட்டவில்லை. அதனால் பழைய நான்கு முனை மோலெக்ஸ் இணைப்பியிலிருந்து சாட்டாவாக மாற்றும் ஒரு அடாப்டர் வழியே மின்சாரம் போனது. பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி வார்த்த வகை.

அளவீடு இப்படி. மல்டிமீட்டர் 20 வோல்ட் டிசி அளவில், உச்சம்-தாழ்வு பதியும் வசதி இயக்கத்தில். மோலெக்ஸில் மஞ்சள் வயர் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பும் கிரவுண்டு, அதாவது மின்சாரம் திரும்பும் வழி. அடாப்டரின் டிஸ்க் பக்க முனையில் வயர் நுழையும் பின்பக்கத் துளை வழியே மெல்லிய ஊசிமுனைக் கம்பியைச் செருகி அளக்க வேண்டும். வார்த்த அடாப்டரில் அந்தத் துளை இருக்காது. வயரின் உறையை ஊசியால் குத்தி அளந்துவிட்டுப் பிறகு டேப் சுற்ற வேண்டியதுதான். ஊசி வழுக்கி மஞ்சளும் சிவப்பும் தொட்டுக்கொண்டால் டிஸ்க் அந்த நொடியே போகும், அதனால் ஒரு நேரத்தில் ஒரு வயர் மட்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கும் பேச்சே கூடாது. செருகியைப் பிடுங்கிய பின்னும் அதனுள் உயிரைப் பறிக்கும் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

முதல் காலை அளந்தபோது மீட்டரின் கறுப்பு முனை வழக்கம்போலக் கேபினட்டின் உலோகச் சட்டத்தில் கவ்வியிருந்தது. டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தின் தாழ்வு: 12 வோல்ட் தடத்தில் 12.01, 5 வோல்ட் தடத்தில் 5.03. கணினி எஸ்.எம்.பி.எஸ்.களுக்கான ஏடிஎக்ஸ் விதி அனுமதிப்பது கூடவோ குறையவோ 5 விழுக்காடு, அதாவது 11.40 முதல் 12.60 வரை, 4.75 முதல் 5.25 வரை. இதன்படி மின்சாரம் அப்பழுக்கற்றது.

தவறு அங்கேதான். டிஸ்க் பார்ப்பது கேபினட்டின் கிரவுண்டை அல்ல, தன் முனைக்கு வரும் கறுப்பு வயரை. மறுநாள் காலை கறுப்பு முனையையும் அடாப்டரின் டிஸ்க் பக்கக் கறுப்பு வயரிலேயே குத்தி அளந்தது. 12 வோல்ட் தடம் 11.50, 5 வோல்ட் தடம் 4.52.

இரண்டு தடமும் ஒரே அளவு, அரை வோல்ட், இறங்கியிருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். தளர்ந்திருந்தால் இப்படி அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல் இறங்காது. மஞ்சளில் தொடர்பு கெட்டிருந்தால் 12 மட்டும், சிவப்பில் கெட்டிருந்தால் 5 மட்டும் இறங்கும். இரண்டுக்கும் பொதுவானது திரும்பிப் போகும் வழி, கறுப்பு. கறுப்பு வயருக்கும் கேபினட் சட்டத்துக்கும் இடையே நேரடியாக அளந்ததில் சுழலத் தொடங்கும்போது 0.51 வோல்ட், சும்மா ஓடும்போது 0.19 வோல்ட். நல்ல இணைப்பில் இது சில பத்து மில்லிவோல்ட்டைத் தாண்டக்கூடாது.

சுழலத் தொடங்கும் நேரத்தில் இவ்வகை டிஸ்க் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் போலவும், 5 வோல்ட்டில் முக்கால் ஆம்பியர் போலவும் இழுக்கும். இரண்டும் கறுப்பு வழியே திரும்புகிறது. 0.51-ஐ 2.7-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.19 ஓம். ஓமில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு டிஸ்க்கை முடக்க அது போதும்.

ஏன் காலையில், ஏன் அந்த இடத்தில்

அடாப்டரைக் கழற்றி வார்ப்பை வெட்டிப் பார்த்ததில் இரண்டு கறுப்பு வயர்களில் ஒன்று வார்ப்புக்குள்ளேயே அறுந்திருந்தது. மற்றது செருகியிருந்த எஸ்.எம்.பி.எஸ். பக்க மோலெக்ஸ் குழல்முனை விரிந்து, அடாப்டரின் ஊசியைத் தளர்வாகத் தொட்டுக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிய பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தது.

ரீஸ்டார்ட்டில் ஏன் உறையவே இல்லை என்பதற்கு விடை இதில் கிடைக்கிறது. ரீஸ்டார்ட்டின்போது டிஸ்க்குக்குப் போகும் மின்சாரம் நிற்பதில்லை. தட்டு சுழன்றபடியே இருக்கும். பெரிய இழுப்பு வரவே வராது. ஷட் டவுனுக்குப் பிறகுதான் தட்டை நிற்கும் நிலையிலிருந்து கிளப்ப வேண்டும். இரவு முழுக்க ஆறியிருந்தால் தாங்கியில் இருக்கும் எண்ணெய் கெட்டிப்பட்டு மோட்டார் கூடுதலாக இழுக்கும். தளர்ந்த குழல்முனையும் ஆறிச் சுருங்கியிருக்கும். மின்சாரம் ஓட ஓட அந்த இடம் சூடேறி, விரிந்து, ஊசியை இறுக்கிப் பிடிக்கும். மூன்று நான்கு தடவை அணைத்துப் போட்டால் சரியாவது மந்திரம் அல்ல; கெட்ட இணைப்பைச் சூடாக்கும் சடங்கு.

தட்டு சுழன்றுவிட்ட பிறகும், புள்ளிகள் சுற்றும் கட்டத்தில் ஏன்? பயாஸ் டிஸ்க்கிலிருந்து படிப்பது கொஞ்சம். விண்டோஸ் டிரைவர்களை ஏற்றும்போதுதான் படிக்கும் முனை தட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இடைவிடாமல் பாய்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலும் ஒரு மின் இழுப்பு. மீட்டர் காட்டியது 4.52; நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு வரும் சரிவுகள் அதைவிட ஆழமாக இருந்திருக்கும், அவற்றைப் பிடிக்க அந்த மீட்டருக்கு வேகம் கிடையாது.

சி7 ஏறியதன் மர்மமும் இதுதான். டிஸ்க் பிளாஸ்டிக் தட்டில், ரப்பர் பிடிப்பில் உட்கார்ந்திருந்தது. அதன் உடல் கேபினட்டைத் தொடவில்லை. உலோகத் திருகால் முடுக்கியிருந்தால் கிரவுண்டு அந்த வழியே போய் இந்தப் பிழை வெளியே தெரிந்தே இருக்காது. கறுப்பு வயர் அடைபட்டதும் மின்சாரம் வேறு வழி தேடியது. ஏழு முனை சாட்டா தரவுக் கேபிளில் மூன்று கிரவுண்டு. அந்த மெல்லிய கம்பிகள் வழியே ஒரு பங்கு திரும்பியது. தரவின் அருகே ஓடக்கூடாத மின்னோட்டம் ஓடினால் தரவு கெடாமல் என்ன செய்யும்? கேபிளை எத்தனை முறை மாற்றினாலும் இது போகாது.

பத்து நாள் கணக்குக்கும் விடை வந்துவிட்டது. விண்டோஸ் நிறுவும்போது டிஸ்க் துடைக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படுகிறது. காத்திருந்த செக்டர்கள் ஒழுங்காகின்றன. படிக்க முடியாத இடம் இல்லாதவரை சிறு சரிவுகளை டிஸ்க் மறுமுயற்சியால் சமாளிக்கும். பிறகு ஏதோ ஒரு காலை, எழுதும் நேரத்தில் ஒரு சரிவு. பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தது இன்னொன்று. செக்டர்கள் மறுபடி சேர்கின்றன. வீட்டு டிஸ்க் படிக்க வராத செக்டரோடு பல நொடிகள் மல்லுக்கட்டும். விண்டோஸ் ஒரு கட்டளைக்கு இயல்பாக 60 நொடிவரை பொறுத்திருக்கும். திரையின் முன் இருப்பவருக்கு அது உறைந்த கணினி.

சரிசெய்தல்

டிஸ்க்கை மேல்தட்டுக்கு மாற்றினால் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் சொந்த சாட்டா வயரே எட்டியது. அடாப்டர் போனது. இப்போது கறுப்புக்கும் சட்டத்துக்கும் இடையே சுழல் தொடக்கத்தில் 0.02 வோல்ட், 5 வோல்ட் தடத்தின் தாழ்வு 5.01.

வார்த்த வகை அடாப்டர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வார்ப்புக்குள் வயர்கள் காலப்போக்கில் நகர்ந்து ஒன்றையொன்று நெருங்கும். தீப்பிடித்த நிகழ்வுகள் உண்டு. அடாப்டர் தவிர்க்க முடியாது என்றால் ஒவ்வொரு வயரும் தனித்தனி உலோக முனையாகக் கவ்வப்பட்டு, பின்பக்கம் திறந்திருக்கும் வகையைத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து, டிடிரெஸ்க்யூ கொண்டு டிஸ்க் முழுவதையும் ஒரு எஸ்.எஸ்.டி.க்கு நகலெடுத்தது. இந்தக் கருவி நல்ல பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பும். படிக்க முடியாமல் போனது அதே 24 செக்டர், மொத்தம் 12 கிலோபைட். உள்ளே 4 கிலோபைட் செக்டர் வைத்துக்கொண்டு வெளியே 512 பைட்டாகக் காட்டும் டிஸ்க் இது. எட்டு எட்டாகச் சேரும். உண்மையில் கெட்டது மூன்று இடம்தான். அவை எந்தக் கோப்பில் விழுகின்றன என்று என்டிஎஃப்எஸ்கிளஸ்டர் கட்டளையில் தேடியதில் இரண்டு உறக்கக் கோப்பில், ஒன்று கோப்புகளை மேகக்கணியோடு ஒத்திசைக்கும் ஒரு நிரலின் தரவுத்தளத்தில். இந்த மூன்றாவது பின்னால் வேலை கொடுத்தது.

பழைய டிஸ்க்கில் இனி இழக்க ஒன்றுமில்லை என்றான பிறகே நிரூபணம். முழுதும் பூஜ்யம் எழுதியதும் சி5 0-க்கு வந்தது. 05 அப்போதும் 0. விண்டோஸை அதில் நிறுவி, நேர் வயரில் மூன்று காலை: உறையவில்லை. வெட்டாமல் வைத்திருந்த அதே வகைப் பழைய அடாப்டர் இன்னொன்றைப் போட்டால் அது சோதனை ஆகாது, அது நல்லதாக இருக்கலாம். அதனால் நேர் வயரின் கறுப்புகளுக்கு நடுவே 0.2 ஓம் திறன்மின்தடை ஒன்றைச் சேர்த்த நீட்டிப்பு வயர் கட்டி மூன்று காலை: மூன்றிலும் இணைப்பு மீட்டமைப்புகள், இரண்டில் முழு உறைவு. எடுத்துவிட்டு மறுபடி மூன்று காலை: சுத்தம். காரணத்தைப் போட்டால் பிழை வருகிறது, எடுத்தால் போகிறது என்றான பிறகே வழக்கு முடிந்ததாகக் கொள்ளலாம்.

மிச்சமிருந்த உறைவு

எஸ்.எஸ்.டி.யில் கணினி வேகமாகத் தொடங்கியது. புள்ளிகளில் நிற்கவில்லை. ஆனால் டெஸ்க்டாப் வந்தபின் பணிப்பட்டை 40 நொடி போல அசையாமல் கிடந்து, பிறகு தானே விடுபட்டது. மவுஸ் நகர்கிறது, கேப்ஸ் லாக் விளக்கு மாறுகிறது. முன்பு டெஸ்க்டாப்பில் நின்றும் விளக்கு மாறிய இரண்டு முறைகளில் பதிவான அந்த இன்னொரு பிழை இதுதான்.

அடிப்படை டிரைவர்கள் மட்டும் ஏறும் சேஃப் மோடில் அது வரவில்லை. ஷிஃப்ட்டைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் அதற்கான பட்டியல் வரும். எஃப்8 விசை விண்டோஸ் 8 முதல் இயல்பாக வேலை செய்வதில்லை. சேஃப் மோடில் சரி என்றால் பிழை பிற நிறுவன டிரைவரிலோ, சேவையிலோ, தொடக்க நிரலிலோ இருக்கிறது. விண்டோஸின் தொடக்க அமைப்புக் கருவியான எம்எஸ்கான்ஃபிக்கில் மைக்ரோசாஃப்ட் சேவைகளை மறைத்துவிட்டு எண்ணியதில் சேவைகளும் தொடக்க நிரல்களும் சேர்த்து 22. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் 22 ரீஸ்டார்ட். பாதிப் பாதியாக நிறுத்தினால் 11, 6, 3, 2, 1 என்று ஐந்தில் முடியும். ஐந்தாவதில் சிக்கியது அந்த ஒத்திசைவு நிரல். அதன் தரவுத்தளத்தின் நடுவே 4 கிலோபைட் வெற்றிடம். ஒவ்வொரு தொடக்கத்திலும் அதைச் சரிசெய்ய முயன்று தோற்றுக்கொண்டிருந்தது. கோப்பு ஐகான்களின் மேல் சிறு குறி இடுவதற்காக பணிப்பட்டையையும் நடத்தும் எக்ஸ்ப்ளோரரோடு ஒட்டிக்கொள்ளும் நிரல் அது. அது காத்திருந்தால் பணிப்பட்டையும் காத்திருக்கும். வெறுமனே நீக்கி நிறுவினால் பழைய தரவுத்தளத்தையே எடுத்துக்கொள்ளும். நீக்கியபின், பயனரின் ஆப்டேட்டா கோப்புறைக்குள் அது விட்டுச்சென்ற கோப்புறையையும் அழித்துவிட்டு நிறுவியதும் 40 நொடி மறைந்தது.

கட்டாய அணைப்புகளில் விண்டோஸ் கோப்புகளும் அடிபட்டிருக்கும் என்பதால் நிர்வாகி உரிமையில் கட்டளைத் திரையைத் திறந்து டிஐஎஸ்எம்மின் ரெஸ்டோர்ஹெல்த்தும், அதன்பின் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்வும் என விண்டோஸ் கோப்புகளைப் பழுதுபார்க்கும் இரண்டு கட்டளைகள். இந்த வரிசையில்தான், ஏனென்றால் எஸ்எஃப்சி பழுது பார்க்க எடுக்கும் மாற்றுக் கோப்புகளை டிஐஎஸ்எம்தான் முதலில் ஒழுங்குபடுத்துகிறது. இரண்டு கோப்புகள் சரிசெய்யப்பட்டன. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அணைத்தே விடப்பட்டது, எஸ்.எஸ்.டி.யில் அதனால் மிச்சமாகும் சில நொடிகளுக்காகக் கெட்டுப்போகக்கூடிய ஒரு உறக்கக் கோப்பை வைத்திருக்கத் தேவையில்லை.

பதினான்கு காலைகள் தொடர்ந்து பார்த்ததில் 129-ம் 153-ம் பதிவேட்டில் இல்லை. பழைய டிஸ்க்கின் சி7, நிரூபணச் சோதனை முடிந்தபோது நின்ற எண்ணிலேயே நிற்கிறது. 05 இன்னும் பூஜ்யம்தான். ஆனாலும் ஆறு வருடம் ஓடி, எண்ணற்ற முறை பாதியில் மின்சாரம் பறிபோன டிஸ்க் அது. இரண்டாவது நகல் வைப்பதற்கு மட்டும், திருகால் முடுக்கி, நேர் வயரில்.